மாதிரிக் குளிசைகள் அழிக்கப்பட்ட விதம்

மாத்தளை மாவட்ட மருந்து விலைச் சீராக்கல் கந்தோரை அந்த நாளில் நிறையப் பேர் திட்டினார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே திட்டினார்கள். மணிக்கூடு பிழையாக ஓடுகிறது என்று சொல்வதற்கு முன், அதன் பின்மூடியைக் கழற்றி, எந்தப் பல் எந்தச் சக்கரத்தைத் தள்ளுகிறது என்று ஒருதரம் பார்ப்பதுதான் முறை. நாமும் கழற்றிப் பார்ப்போம்.

1974ஆம் ஆண்டு. பாணுக்குக் கியூ, சீனிக்குக் கியூ. மருந்து விலை மட்டும் எந்தக் கியூவிலும் நிற்காமல் நேரே ஏறிக்கொண்டிருந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் சின்ன வெள்ளைக் குளிசை ஒன்று நாற்பது சதம். இது அநியாயம் என்று மேலிடத்தில் கண்டுகொண்டார்கள். அநியாயத்தை நிறுத்தத் திருகோணமலை வீதியில், முன்பு றப்பர் ஸ்டோராக இருந்த கட்டடத்தில், ஒரு கந்தோர் திறந்தார்கள்.

கந்தோர் முதலில் செய்த வேலை குளிசையின் சரியான விலையைக் கண்டுபிடித்தது. கப்பல் கூலி, துறைமுகக் கூலி, லொறிக் கூலி, கடைக்காரனின் நியாயமான இலாபம் எல்லாவற்றையும் கூட்டி, அநியாயமான இலாபத்தைக் கழித்தபோது நான்கு தசம் மூன்று சதம் வந்தது. இந்தக் கணக்குக்கு எடுத்த ஆறு மாதத்தில் ஒரு மாதம் அந்தத் தசத்தை என்ன செய்வது என்பதில் போயிற்று. கடைசியில் விலை நான்கு சதம் என்று முடிவாகி, தசம் மூன்று தனிக்கோப்பில் 'பரிசீலனையில் உள்ளது' என்று போடப்பட்டது. விலைப் பலகை வாசலில் தொங்கியபோது ஊரே வந்து பார்த்தது. அப்படி ஒரு விலையை மாத்தளையில் யாரும் கண்டதில்லை.

விலை இறங்கினால் ஆட்கள் வாங்கிப் பதுக்குவார்கள். அது மனித இயல்பு. ஆகவே, உண்மையாகத் தேவைப்படுகிறவர் மட்டுமே வாங்கலாம், அதற்குக் கந்தோரில் 'தேவைச் சான்று' பெறவேண்டும் என்று அடுத்த விதி வந்தது. கவனித்துப் பாருங்கள்: தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு பல்லும் நியாயமானது.

இந்தச் சக்கரத்துக்குள் விரலை விட்டவர் பதுர்தீன். கொங்காவலையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவர். அவருடைய மூக்கை நம்பிக் கண்டி வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே லொறியில் ஏற்றுவார்கள். அவருக்கு ஒரே மகள் மஸீனா, பதினைந்து வயது. எட்டு வயதிலிருந்து வலிப்பு. ஒருமுறை அடுப்படியில் விழுந்து முழங்கையில் வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது. பெரிய டொக்டர் இந்தக் குளிசையைத் தொடங்கிய பிறகு இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஒரு தடவைகூட வரவில்லை. நாளுக்கு ஒன்று, பின்னேரம் நான்கு மணிக்கு. இரண்டு மூன்று நாள் தவறினால் வலிப்பு திரும்பும், முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

கதை தொடங்கும் திங்கட்கிழமை காலையில் போத்தலில் இருபத்தாறு குளிசைகள் இருந்தன.

"வெல நல்லா எறங்கியிருக்கு நானா," என்றார் மருந்துக்கடை மர்சூக். "அந்தா பாருங்க, பின்னாடி தகரம். புதுத் தகரம், நூறு குளிச. ஆனா டொக்டர்ட துண்டு மட்டும் காட்டினாப் பத்தாது. சான்று வேணும். இல்லாம வித்தா கடையச் சீல் வெச்சிருவானுங்க."

"போன மாசம் நாப்பது சதத்துக்குச் சும்மா தந்தீங்களே மர்சூக்?"

"அது அநியாய வெல நானா. அநியாயத்துக்குச் சான்று தேவல்ல."

மறுநாள் காலை பதுர்தீன் கந்தோருக்குப் போனார். இங்கேதான் அவர் ஒரு பிழை விட்டார். வாசனைச் சரக்கு வியாபாரி அல்லாத வேறு யாரும் அந்தப் பிழையை விட்டிருக்கமாட்டார்.

சரக்கு வியாபாரத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரும் பேரம் பேசப் போவதில்லை. ஒரு கைப்பிடி மிளகை எடுத்துப் பழைய பத்திரிகையில் கூம்பாகச் சுருட்டி, வாலை முறுக்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அதுதான் மாதிரி. வாங்குகிறவர் அதை உள்ளங்கையில் கொட்டித் தேய்ப்பார், முகர்வார், ஒன்றைக் கடிப்பார், இரண்டைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பார். பேச்சு அதற்குப் பிறகுதான். மாதிரி இல்லாமல் வருகிறவன் வாயால் வியாபாரம் செய்கிறவன். பதுர்தீன் முப்பது வருடத்தில் ஒரு மேசைக்கு முன்னாலும் மாதிரி இல்லாமல் உட்கார்ந்ததில்லை.

கந்தோருக்குத் தலைவரான அத்தியட்சர் இராஜசிங்கத்தின் மேசையில் அவர் டொக்டரின் துண்டை வைத்தார். பக்கத்தில், பத்திரிகைக் கூம்பை விரித்து ஒரு குளிசையை வைத்தார்.

"இது என்ன?"

"மாதிரி ஐயா. பார்த்துக்கங்க."

இராஜசிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். காணிக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். அத்தனை வருடத்தில் யாரும் அவருக்கு ஒரு பிடி காணியைக் கொண்டுவந்து காட்டியதில்லை. கடதாசிதான் கண்டிருக்கிறார். இப்போது முதன்முறையாக, தான் விலை வைத்த பொருளே கண்முன்னால் இருந்தது. அதை விரல் நுனியால் மெல்ல உருட்டிப் பார்த்தார். அவருடைய முகம் இளகியது.

"மிஸ் சுசீலாதேவி! ஒரு சின்ன உறையும் அரக்கும் கொண்டு வாரும்."

எழுதுவினைஞர் சுசீலாதேவி கொண்டுவந்தார். குளிசை உறைக்குள் போனது. அரக்கு உருகி முத்திரை விழுந்தது. கோப்பின் முதல் பக்கத்தில் அந்த உறையை ஊசியால் குத்தினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"மாதிரியத் திருப்பித் தாற இல்லையா ஐயா?" என்று கேட்டார் பதுர்தீன். மிளகு மாதிரியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் இது மிளகு இல்லை.

"கோப்பில ஏறினது இறங்காது. சரி, சொல்லும். பிள்ளைக்குக் கடைசியா எப்ப வலிப்பு வந்தது?"

"ரெண்டு வருசமும் மூணு மாசமும் ஆச்சு ஐயா. அல்லாஹ்ட காவல்."

இராஜசிங்கம் பேனையை வைத்தார். "அப்ப சுகம் வந்திட்டுது."

"இல்ல ஐயா, குளிச குடிக்கிறதாலதான் வராம இருக்கு."

"அது உம்மட அபிப்பிராயம். எனக்குத் தேவையை நிரூபிக்க வேணும். வலிப்பு வந்தால் தேவை இருக்கு. வராட்டில் தேவை இல்லை. விளங்குதோ? நீர் குளிசையை நிப்பாட்டிப் பாரும். வந்தால் உடன ஓடி வாரும், நான் ஒரு நிமிசமும் சுணங்கமாட்டன்."

"வந்தா புள்ள அடுப்புல விழுந்துரும் ஐயா."

"அடுப்புக்குக் கிட்ட விடாதையும். நானும் பிள்ளை குட்டிக்காரன்தான். ஆனால் இந்தக் கதிரையில இருக்கேக்க எனக்குப் பிள்ளையள் இல்லை, படிவங்கள்தான்."

மூன்று பிரதியில் நிரப்பும்படி ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பினார்.

பதுர்தீனுக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. போத்தலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நடக்கும்போதெல்லாம் குலுக்கிப் பார்ப்பார். இருபத்தாறு குளிசை கிடக்கும் போத்தல் மணல் போல மெதுவாகச் சரசரக்கும். குறையக் குறையச் சத்தம் கூடும். இதற்குக் காரணம் எளிது: உள்ளே இடம் இருந்தால்தான் குளிசை போய் மோதும். கடையில், பள்ளிவாசல் வாசலில், பஸ் ஹோல்டில் அவர் குலுக்குவதைக் கண்டவர்கள் மூட்டுவலிக்கு ஏதோ புது வைத்தியம் என்று நினைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் படிவத்தோடு போனபோது, கதவில் புதிதாக ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. 'விண்ணப்பதாரர்கள் ஒவ்வொரு பிரதியுடனும் உரிய மருந்தின் மாதிரி ஒன்றை இணைத்தல் வேண்டும்.'

"உம்மட யோசனைதான்," என்றார் இராஜசிங்கம், நன்றியோடு. "மேலிடத்துக்கு எழுதினன். மெச்சி எழுதியிருக்கினம். இலங்கையில வேற எந்த மாவட்டத்திலயும் இந்த ஒழுங்கு இல்லை. மூண்டு பிரதி, மூண்டு மாதிரி."

பதுர்தீன் போத்தலைத் திறந்தார். மூன்று உறை, மூன்று அரக்கு முத்திரை. போத்தலில் பத்தொன்பது மிச்சம்.

கியூவில் அவருக்குப் பின்னால் றிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த நாகமுத்து நின்றார். இரத்தோட்டைக்கு இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். மனைவிக்கு நெஞ்சு நோய்.

"மொதலாளி, இந்த மாதிரி குடுக்கிற சட்டத்த எவன் கொண்டாந்தான்னு தெரியுமாங்க?" என்று கேட்டார். "எம் பொஞ்சாதிக்கு மொத்தமே ஒம்பது மாத்திரதாங்க இருக்கு. மூணு போனா எங்கிட்டுப் போறது? அவன மட்டும் கண்டேன்னா தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியால கவ்வாத்துப் பண்ணிருவேன்."

பதுர்தீன் போத்தலின் மூடியை இறுக்கினார். போத்தலை ஒருமுறை குலுக்கிவிட்டு வெளியே நடந்தார்.

வீட்டில் மனைவி ஹமீமா போத்தலை வெளிச்சத்தில் பிடித்து எண்ணிப் பார்த்தாள். "நீங்க கந்தோருக்கு மருந்து எடுக்கப் போறீங்களா, மருந்து குடுக்கப் போறீங்களா?"

"ஒழுங்கு அப்படியாம்."

"கத்தரிக்கா வாங்கப் போறவன் கத்தரிக்காயக் கொண்டு போய் குடுப்பானா? நாளைக்கு மாதிரிக்கு உங்க தலையக் கேப்பாங்க, அதையும் கூம்புல சுத்திக் கொண்டு போங்க."

அடுத்த கட்டம் நேரடி அவதானிப்பு. விண்ணப்பத்தில் எழுதியதை அப்படியே நம்பும் கந்தோர் நல்ல கந்தோர் அல்ல. ஒரு உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, வலிப்பைத் தன் கண்ணால் கண்டு, எழுத வேண்டும். நோயாளி பெண்பிள்ளை என்பதால் சுசீலாதேவி அனுப்பப்பட்டார். காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நாலேகால் வரை, இரண்டு நாள். அதற்கு வெளியே வரும் வலிப்பு கணக்கில் சேராது. "ஏலுமெண்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் வரப் பார்க்கச் சொல்லும்," என்று இராஜசிங்கம் சொல்லி அனுப்பியிருந்தார்.

சுசீலாதேவி கதிரையில் உட்கார்ந்தார். மடியில் குறிப்புப் புத்தகம். எதிரே மஸீனா தையல் மெஷினில் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குச் சுசீலாதேவி 'இல்லை' என்று எழுதினார். பதினொரு மணிக்கு 'இல்லை'. ஹமீமா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தாள். பன்னிரண்டுக்கு 'இல்லை'.

இரண்டாம் நாள் மூன்றரை மணிக்கு மஸீனா மெஷினை நிறுத்தினாள். "மிஸ், எனக்கு வராட்டி உங்களுக்கு ஏச்சு விழுமா?"

"விழும்தான்."

"வாப்பாவுக்கும் சான்று கிடைக்காதில்லயா?"

சுசீலாதேவி பேனையின் மூடியைத் திருகினார்.

"அப்ப நான் குளிசய ரெண்டு நாளக்கி விட்டுப் பாக்கவா? அடுப்பங்கரைக்குப் போகமாட்டேன். இப்படிப் பாய்ல படுத்துக்கிறேன். நீங்க பக்கத்துல இருந்து எழுதிக்கங்க."

அவள் முழங்கையை மடித்தபோது தழும்பு இழுபட்டு மினுங்கியது. சுசீலாதேவி குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"நாலு மணியாகுது பிள்ளை. போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வாரும். எனக்கு முன்னால குடியும்."

அவருடைய அறிக்கை மூன்று வரி. 'வலிப்பு அவதானிக்கப்படவில்லை. இரு நாளும் பி.ப. நான்கு மணிக்குக் குளிசை விழுங்கப்படுவது அவதானிக்கப்பட்டது. முதலாவதற்கு இரண்டாவது காரணமாக இருக்கலாம்.' விதிப்படி அறிக்கையோடு ஒரு மாதிரியும் இணைக்கப்பட்டது.

இராஜசிங்கம் மூன்றாவது வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடு போட்டார். "இருக்கலாம் எண்டால், இராமலும் போகலாம். இது நான் தனிய முடிவெடுக்கிற விசயமில்லை. குழுவுக்குப் போகட்டும்."

குழுவில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு மாதிரி.

அன்று வெளியே வரும்போது பதுர்தீன் போத்தலைக் குலுக்கினார். எட்டுக் குளிசைகள் கிலுகிலுப்பை போலச் சத்தம் போட்டன. வீதியில் போன ஒரு கைக்குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

குழு கூட ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் பதுர்தீன் மிளகை எடை போட்டுவிட்டுத் திரும்பவும் எடை போட்டார். கராம்பு மூட்டையைக் கட்டி அவிழ்த்தார். கொழும்பில் கேட்டுப் பார்த்தார், கண்டியில் கேட்டுப் பார்த்தார். எங்கும் அதே பதில்: உங்கள் மாவட்டச் சான்று இருந்தால் உங்கள் மாவட்டத்தில்தான் வாங்கலாம். போத்தலின் சத்தம் ஒவ்வொரு நாளும் கூடி, பிறகு குறையத் தொடங்கியது. அவரைப் பயப்படுத்தியது அந்தக் குறைவுதான்.

ஏழாம் நாள் சான்று கிடைத்தது. அந்தக் கந்தோர் வழங்கிய முதலாவது சான்று அது. ஆகவே ஒரு சிறு வைபவம் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். சீனியில்லாத தேத்தண்ணியும் கடிப்பதற்குக் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார்கள். இராஜசிங்கம் எழுதி வைத்துப் பேசினார்.

"இந்தக் கந்தோர் திறந்து ஏழு மாதங்கள். இந்த ஏழு மாதத்தில் இந்த மாவட்டத்தில் ஒரு நோயாளியாவது கூடுதல் விலை கொடுத்து மருந்து வாங்கினார் என்று எமக்கு ஒரு முறைப்பாடு கிடையாது. வாங்கினார் என்றே முறைப்பாடு கிடையாது. முன்பு பணக்காரன் மருந்து வாங்கினான், ஏழை வாங்கவில்லை. இன்று அந்த வேற்றுமையை முற்றாக ஒழித்திருக்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பதுர்தீனும் தட்டினார். ஒரு கையில் சான்று இருந்ததால் மறுகையால் தொடையில் தட்டினார். சான்றில் தெளிவாக எழுதியிருந்தது: 'இதனைக் கொண்டுவருபவர் மர்சூக் மருந்துக்கடையிலுள்ள இல. 0417 தகரத்தின் குளிசைகளுக்கு உரியவர்.'

அவர் ஓடினார் என்றே சொல்லவேண்டும். மர்சூக் சான்றை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு பின்னால் இருந்த தட்டைக் காட்டினார். தகரம் இருந்த இடத்தில் தூசியில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

"முந்தாநாள் வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க நானா. கடைக்காரனும் மாதிரி குடுக்கணுமாம். ஒண்ணு குடுக்கிறேன்னேன். கடைக்கு மாதிரின்னா தகரம்தானாம், தகரத்த ஒடச்சா அது தகரமில்லயாம்."

"வேற?"

"இந்த மாவட்டத்துலயே வேற இல்ல நானா. எல்லாக் கடைக்கும் போயிருக்கானுங்க."

போத்தலில் ஒரே ஒரு குளிசை. அது அன்று நான்கு மணிக்கு.

மத்தியானத்துக்கே பதுர்தீன் கந்தோருக்குத் திரும்பினார். குத்துவிளக்கை இன்னும் கழுவி வைக்கவில்லை. இராஜசிங்கம் அவரைக் கண்டு மகிழ்ந்து, கேட்காமலே அலுமாரியைத் திறந்து காட்டினார். அது ஒரு பெரிய இரும்பு அலுமாரி. தட்டுத் தட்டாக உறைகள், போத்தல்கள், தகரங்கள். ஒவ்வொன்றிலும் இலக்கம், திகதி, அரக்கு. நெஞ்சு நோய்க்கு ஒரு தட்டு, மூச்சிழுப்புக்கு ஒரு தட்டு, சீனி வருத்தமான சலரோகத்துக்கு ஒரு தட்டு. நடுத் தட்டில் 0417 தகரம், அதன் பக்கத்தில் பதுர்தீனின் பத்து உறைகள் வரிசையாக.

"பாரும். இந்த மாவட்டத்து மருந்து முழுக்க ஒரே இடத்தில, ஒழுங்கா. எந்த ஆசுபத்திரியில இப்பிடிக் காணுவீர்?"

"ஐயா, அந்தத் தகரம் எனக்குரியதுன்னு நீங்களே எழுதித் தந்திருக்கீங்க. புள்ளைக்கு நாளைக்குக் குளிச இல்ல."

"உரியதுதான். நான் மறுக்கேல்லை. ஆனால் அது கடையில இருந்தால் எடுக்கலாம். இப்ப அது மாதிரி. மாதிரியை அஞ்சு வருசம் பாதுகாக்க வேணும். நாங்கள் மருந்து குடுக்கிற ஆக்கள் இல்லை, சீராக்கிற ஆக்கள்."

பதுர்தீன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அஞ்சு வருடத்தை அவர் குளிசைகளாக மாற்றிப் பார்த்திருக்கவேண்டும். உதடு அசைந்தது.

அப்போது சுசீலாதேவி ஒரு சுற்றுநிருபத்தோடு வந்து நின்றார்.

"சேர், பதினேழாம் இலக்கச் சுற்றுநிருபம். பழுதாகிற மாதிரிகளை உடனடியாக அழிக்க வேணுமாம். அழிக்காமல் வைச்சிருந்தால் அத்தியட்சர் தன்ர பொறுப்பில நட்டம் கட்ட வேணுமாம்."

"இப்ப ஏன் அது?"

"இது றப்பர் ஸ்டோர், சேர். மழை தொடங்கிட்டுது. சுவரில ஈரம் ஊறுது. தகரத்தை ஒருக்காப் பார்க்கிறது நல்லது. சரக்கு பழுதோ இல்லையோ எண்டு பார்க்க இந்த முதலாளியை விட்டால் மாத்தளையில ஆள் இல்லை."

இராஜசிங்கம் நட்டம் என்ற சொல்லை நினைத்துப் பார்த்தார். "திறந்து காட்டும்," என்றார்.

தகரம் பதுர்தீனின் முன்னால் வந்தது. அவர் நான்கு குளிசையை உள்ளங்கையில் கொட்டினார். வெள்ளை வெளேரென்று, உலர்ந்து, உரசினால் மாவு உதிரும் பக்குவத்தில் இருந்தன. முப்பது வருடத்தில் அவர் ஒரு மாதிரியைப் பற்றியும் பொய் சொன்னதில்லை. நல்ல மிளகைக் கெட்டது என்று சொல்லியிருந்தால் மூன்று வீடு கட்டியிருப்பார். சுசீலாதேவி அவரைப் பார்க்கவில்லை, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதுர்தீன் குளிசைகளை மூக்கருகே கொண்டுபோனார். மூச்சை இழுத்தார்.

"பூஞ்சணம் புடிச்சிருக்கு ஐயா," என்றார். குளிசைகளைத் தகரத்தில் திருப்பிப் போட்டார். "எல்லாமே. அந்தப் பத்தும் இப்படித்தான் இருக்கும்."

இராஜசிங்கம் அலுமாரியிலிருந்து ஓரடி விலகி நின்றார். "அப்ப அழிக்க வேணும். எரிப்பமோ?"

"மண்ணெண்ணெய்க்கு ஒதுக்கீடு இல்லை, சேர்."

"மண்ணில தாட்டால்?"

"நகரசபை அனுமதி வேணும். ஆத்தில போட்டால் நீர்ப்பாசனப் பகுதி விடாது. சுற்றுநிருபத்தில ஒரு வழி இருக்கு, சேர். உரியவர், உத்தியோகத்தர் ஒருவருக்கு முன்னால, தன்ர செலவில அழிக்கலாமாம். விதம் சொல்லேல்லை. 'மீளப் பெற முடியாதவாறு' எண்டு மட்டும் இருக்கு."

"உரியவர் இவர்தானே. எப்பிடி அழிப்பீர்?"

பதுர்தீன் சுசீலாதேவியைப் பார்த்தார். அவர் தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தார்.

"விழுங்கி," என்றார் பதுர்தீன். "எண்ட மகள் விழுங்குவா ஐயா. அந்த வேல அவளுக்குப் பழக்கம்."

இராஜசிங்கம் ஒரு பிரச்சினையை முழுதாக ஆராயாமல் விடுகிறவர் அல்ல.

"விழுங்கினதைத் திருப்பி எடுக்கேலுமோ?"

"ஏலாது, சேர்," என்றார் சுசீலாதேவி.

"பதுக்க?"

"ஏலாது."

"கூடின விலைக்கு விற்க?"

"ஆரும் வாங்கமாட்டினம், சேர்."

"அப்ப எரிக்கிறதைவிட இது திறம்." அவர் தலையை ஆட்டினார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "பூஞ்சணம் பிடிச்சதை விழுங்கினால் பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ?" ஒரு கணம் யோசித்தார். அவருடைய முகம் தெளிந்தது. "அது சுகாதாரப் பகுதியின்ர விசயம். எங்கட கந்தோருக்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை."

"எல்லாத்தையும் ஒரே நாளில அழிச்சால் எண்ணிக்கை பிழைச்சுப் போகும், சேர். நாளுக்கு ஒண்டு. நாலு மணிக்கு. ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் உரியதை முதல் நாளே கையில குடுத்து, வீட்டில அழிச்சதா ஒப்பம் வாங்கலாம்."

மறுநாள் நாலு மணிக்கு மஸீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். வீட்டிலிருந்து ஒரு கிளாஸ் கொண்டுவந்திருந்தாள், செலவு உரியவருடையது என்பதால். சுசீலாதேவி முத்திரையை உடைத்தார். அவள் விழுங்கினாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். 'அழிக்கப்பட்டது' என்று இராஜசிங்கமே தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார்.

பதுர்தீன் வெளியே வந்து பழக்கத்தில் சட்டைப்பையைத் தட்டினார். சத்தம் எதுவும் இல்லை.

இப்படியான விசயம் ஒருவரோடு நிற்காது. இரண்டாம் கிழமையே நாகமுத்துவின் மனைவியின் நெஞ்சு மாத்திரைகளில் பூஞ்சணம் காணப்பட்டது. பிறகு மூச்சிழுப்புத் தட்டில். பிறகு சலரோகத் தட்டில். மழை நின்ற பிறகும் பூஞ்சணம் நிற்கவில்லை. பதுர்தீன் ஒவ்வொரு திங்களும் வந்து, அலுமாரிக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றையும் முகர்ந்து, கெட்டுப்போனது என்றார். இராஜசிங்கம் அவருக்கு 'கௌரவப் பழுது மதிப்பீட்டாளர்' என்று ஒரு கடிதம் கொடுத்தார். பின்னேரங்களில் கந்தோரின் முன்னால் கிளாஸோடும் கோப்பையோடும் ஆட்கள் கியூவில் நின்றார்கள்.

"மொதலாளி," என்றார் நாகமுத்து ஒருநாள், குரலைத் தாழ்த்தி. "அந்தச் சட்டத்தக் கொண்டாந்தவன் யாருன்னு இப்பத் தெரிஞ்சிருச்சுங்க."

பதுர்தீன் அவருடைய இடுப்பில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. பொஞ்சாதி இப்பப் படியேறுறா."

புதுத் தகரம் வரும்போதெல்லாம் மர்சூக்கின் கடையிலிருந்து அது விதிப்படி மாதிரியாகப் போனது. கடையில் ஒரு குளிசையும் விற்கவில்லை. ஆனால் கிழமைக்கு ஒருதரம் கல்லாவுக்குப் பக்கத்தில் பதுர்தீன் வைத்துவிட்டுப் போன நல்ல கராம்புப் பொட்டலம் ஒன்று இருக்கும். கராம்பு இந்தக் கந்தோரின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.

பதுர்தீனுக்கும் ஒரு நட்டம் உண்டு. கலேவெலவிலிருந்து வந்த ஒரு வியாபாரி அவர் மிளகை முகர்ந்து சொன்னதைக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே மூட்டையைத் தானே பிரித்துப் பார்த்தார். "குறை நினைக்காதீங்க நானா. நீங்க நல்ல சாமானையும் கெட்டதுன்னு சொல்ற ஆளுன்னு கேள்வி." முப்பது வருடத்தில் அவர் முன்னால் ஒரு மூட்டை பிரிக்கப்பட்டது அதுதான் முதல்தடவை. அவர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொடுத்தார்.

ஆறு மாதம் ஓடியது. தேவைச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். இராஜசிங்கம் மஸீனாவின் கோப்பை எடுத்து, வழமைபோல ஒரு வரியும் விடாமல் வாசித்தார். முடித்தபோது அவருடைய கண்கள் பளபளத்தன. இருபத்திரண்டு வருடம் காணிக் கந்தோரில் தேடியும் கிடைக்காத ஒன்று இப்போது கிடைத்திருந்தது: மறுக்க முடியாத நிரூபணம்.

"முதலாளி, இதைப் பாரும். கடந்த ஆறு மாதமா எந்தக் கடையும் உம்மட மகளுக்கு ஒரு குளிசையும் விற்கேல்லை. நாங்களும் குடுக்கேல்லை. இருந்த எல்லாம் அழிக்கப்பட்டது எண்டு நானே கையெழுத்து வைச்சிருக்கிறன். மருந்தே இல்லாமல் ஆறு மாதம். வலிப்பு வந்ததோ?"

"வரல்ல ஐயா."

"நான் அண்டைக்கே சொன்னனான்!"

அவர் விண்ணப்பத்தின் குறுக்கே 'தேவை நிரூபிக்கப்படவில்லை. நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினார். பிறகு எழுந்து நின்று, மேசைக்கு மேலால் கையை நீட்டிப் பதுர்தீனின் கையைக் குலுக்கினார். உண்மையான மகிழ்ச்சியோடுதான் குலுக்கினார்.

பதுர்தீன் நிராகரிப்புக் கடிதத்தை நான்காக மடித்து, முன்பு போத்தல் இருந்த சட்டைப்பையில் வைத்தார். வாசலில் மஸீனா கிளாஸோடு நின்றாள். சுவர் மணிக்கூடு நாலு அடித்தது.

"சேர்," என்றார் சுசீலாதேவி, உறையின் அரக்கை உடைத்துக்கொண்டே. "இண்டைய அழிப்பு இன்னும் நடக்கேல்லை."

"ஓமோம், அது நடக்கத்தானே வேணும்," என்றார் இராஜசிங்கம். "சான்று வேற, அழிப்பு வேற. வாரும் பிள்ளை. கெதியா விழுங்கும், கந்தோர் பூட்டுற நேரமாகுது."